கஃபுக்கு மேலே தேங்கும் எச்சில்

வென்டிலேட்டரில் இருந்தவருக்கு நிமோனியா வந்துவிட்டது என்றால், வெளியே காத்திருக்கும் உறவினர்களின் கோபம் முதலில் எந்திரத்தின் மேல்தான் திரும்பும். பாவம், எந்திரம் அனுப்புவது வடிகட்டிய காற்று. வில்லங்கம் அதைக் கொண்டுபோகும் குழாயில் இருக்கிறது.

வாய் வழியாகக் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் செருகும் அந்த பிளாஸ்டிக் குழாய், உடம்பின் இரண்டு காவல்களை முடக்குகிறது. குரல்நாண்கள் இறுக மூடித் திறந்தால்தான் இருமல் பலிக்கும். நடுவில் குழாய் நிற்கும்போது எப்படி மூடுவது? விழுங்குவதும் நடக்காது. நாளெல்லாம் நாம் அறியாமலே விழுங்கும் எச்சில் தொண்டையில் தேங்குகிறது.

குழாயின் கீழ்நுனிக்குச் சற்று மேலே ‘கஃப்’ என்ற சிறு பலூன் உண்டு. வெளியே தொங்கும் மெல்லிய குழலில் காற்றடித்தால் அது உப்பி மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். ஆனால் முழுக்க அடைப்பதில்லை. உப்பிய பலூனின் தோலில் வேட்டி மடிப்புபோல நெடுக மடிப்புகள் விழும். எச்சிலும் அதிலுள்ள கிருமிகளும் அந்த வழியாகத்தான் சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்கு இறங்குகின்றன. இன்னும் காற்றடித்து இறுக்கலாமே என்றால், அழுத்தம் 30 செ.மீ. நீரளவைத் தாண்டினால் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்தம் போவது தடைபட்டுப் புண்ணாகும். 20-க்குக் கீழே இறங்கினால் கசிவு கூடும். அந்தக் குழலோடு வெளியே தொங்கும் இன்னொரு சிறு பலூனை விரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்திப்படுவது போதாது, அளவுமானி வைத்துப் பார்க்க வேண்டும். கஃபுக்கு மேல் தேங்குவதை உறிஞ்சி எடுக்கத் தனித் துளை வைத்த குழாய்களும் உண்டு.

குழாய் போட்டு 48 மணி நேரம் கழித்து வரும் நிமோனியாவையே வென்டிலேட்டர் கணக்கில் சேர்ப்பார்கள். நம் ஐசியூக்களில் அதற்குக் காரணமாகும் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்றவை பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காதவை. வந்தபின் மல்லுக்கட்டுவதைவிட வராமல் பார்ப்பது எவ்வளவோ மேல்.

அதற்கான மலிவான கருவி கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடி. 1999-இல் லான்செட் இதழில் வந்த பார்சிலோனா ஆய்வில், மட்டமாகப் படுத்திருந்த 47 பேரில் 16 பேருக்கு நிமோனியா அறிகுறிகள் தெரிந்தன. தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்திய 39 பேரில் 3 பேருக்குத்தான். வயிற்றிலிருந்து எதுக்களிப்பது குறைவதே காரணம். சொல்வது எளிது, நோயாளி சரிந்துகொண்டே இருப்பார். நெதர்லாந்தில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் 45 டிகிரி என்று தீர்மானித்தும் சராசரி 30-ஐக்கூட எட்டவில்லை, நிமோனியாவும் குறையவில்லை. 30 முதல் 45 வரை என்பதுதான் இன்று பொதுவான இலக்கு.

வாய்ச் சுத்தத்தின் கதை வேறு. குளோர்ஹெக்சிடின் கொண்டு வாயைத் துடைப்பது பல ஆண்டுகள் வேதவாக்காக இருந்தது. பிறகு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அது உயிரிழப்பைக் கூட்டக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. 2022-இல் அமெரிக்கத் தொற்றுத்தடுப்பு அமைப்புகள் அதை விட்டுவிட்டுப் பல் துலக்கிவிடச் சொல்லின. விலை உயர்ந்த குழாய்களைவிட இந்த பிரஷ்மீதுதான் எனக்கு நம்பிக்கை. ஆனால் நர்ஸுக்கு அதற்கு நேரம் வேண்டும், ஒருவரே நாலு கட்டிலைப் பார்க்கும் வார்டில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடுப்பு, குழாயைச் சீக்கிரம் எடுப்பது. தூக்க மருந்து ஓடிக்கொண்டே இருந்தால் நோயாளி தானாக மூச்சு விடத் தயாரா என்றே தெரியாது. சிகாகோவில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், மருந்தைத் தினமும் ஒருமுறை நிறுத்தி விழிக்கவிட்டார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் காலத்தின் இடைநிலை அளவு 7.3 நாளிலிருந்து 4.9 நாளாகக் குறைந்தது. அவசரப்பட்டாலும் ஆபத்து: எடுத்த குழாயை மறுபடி போட நேர்ந்தால் நிமோனியா வாய்ப்பு ஏறும். அதனால்தான் எந்திரத்தின் உதவியை வெகுவாகக் குறைத்து, அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை நோயாளியின் மூச்சைப் பார்த்துவிட்டே குழாயில் கை வைக்கிறார்கள்.