முதுகு செய்யும் வேலை

நம் முதுகை நாமே பார்க்க முடியாது. ஆனால் தொட்டுப் பார்க்கலாம். எழுந்து நில்லுங்கள். இடுப்புக்குப் பின்னால் இரண்டு கட்டைவிரல்களையும் வையுங்கள். நடுவில் எலும்பு தட்டுப்படும். அதன் இரு பக்கமும் சதை வரப்புப் போல மேடாக இருக்கும். கொஞ்சம் முன்னால் சாயுங்கள். அந்த வரப்புகள் இறுகும். கொஞ்சம் பின்னால் சாயுங்கள். அவை இளகும். இனி, நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்குங்கள். இடது, வலது என்று அவையும் மாறி மாறி இறுகும்.

நடப்பது காலின் வேலை என்று நினைக்கிறோம். முதுகும் கூடவே உழைக்கிறது.

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5. ஆக 24 எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. இந்த அடுக்கு தானாக நிற்காது. கொடிக்கம்பத்தை நான்கு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துகிறோம் அல்லவா? அதுபோல முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் இதை இழுத்துப் பிடித்து நிறுத்துகின்றன.

முதுகுத் தசைகள் பல அடுக்காக உள்ளன. மேலே பெரிய தசைகள். ஒன்று பட்டம் போன்ற வடிவம் கொண்டது. கழுத்திலிருந்து நடு முதுகு வரை விரிந்திருக்கும். தோளைத் தூக்க உதவும். இன்னொன்று அகலமானது. இடுப்பில் தொடங்கிக் கையின் மேல் எலும்பில் போய்ச் சேரும். கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது கயிற்றை இழுப்பது இதுதான். இவற்றுக்கு உள்ளே நீண்ட தசைகள் உண்டு. நீங்கள் தொட்ட வரப்புகள் அவைதான். குனிந்தவரை நிமிர்த்துவது அவற்றின் வேலை. இன்னும் உள்ளே சின்னஞ்சிறு தசைகள் எலும்புக்கு எலும்பு கட்டியிருக்கும்.

இனி சுமையைப் பற்றிப் பார்ப்போம். ஒரு கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளுங்கள். எளிதாகத் திறக்கும். கீலுக்குப் பக்கத்தில் தள்ளுங்கள். மிகவும் கஷ்டப்படும். முதுகுத் தசை எப்போதும் கீல் ஓரத்திலிருந்தே வேலை செய்கிறது. எலும்பு வளையும் இடத்துக்கும் தசைக்கும் நடுவே சுமார் 5 சென்டிமீட்டர்தான் தூரம். 20 கிலோ மூட்டையைக் கையை நீட்டி, 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் என்ன ஆகும்? தூரம் பத்து மடங்கு. எனவே தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். குனிந்து தூக்கினால் நம் தலை, மார்பு, கைகளின் எடையும் இதோடு சேரும். அதே மூட்டையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் இந்தச் சுமை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

தலையில் குடம் சுமக்கும் பெண்கள் நிமிர்ந்து நடப்பதன் காரணமும் இதுதான். எடை எலும்பு அடுக்கின் மேல் நேராக இறங்குகிறது. ஆனால் கழுத்து அதற்கு விலை கொடுக்கிறது. டார்ஜிலிங் மலையில் கூடையை முதுகில் வைத்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமப்பார்கள். அங்கும் கழுத்துக்கு வேலை அதிகம்.

"முழங்காலை மடக்கித் தூக்கு" என்று சொல்வது எளிது. சிமெண்டு மூட்டை 50 கிலோ. மூட்டைக் கணக்கில் கூலி கொடுத்தால் யார் நின்று நிதானமாகத் தூக்குவார்கள்? வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரை செய்தது. பெண்களுக்கு இதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்றும் சொன்னது. தூக்குபவருக்குப் புத்தி சொல்பவர்கள், தூக்கச் சொல்பவரிடமும் இதைச் சொல்ல வேண்டும்.

நாற்று நடும்போது கையில் பாரம் இல்லை. பிறகு ஏன் இடுப்பு வலிக்கிறது? பாதி குனிந்து நிற்கும்போது தசை விடாமல் இறுகி இருக்கிறது. இறுகிய தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. அதனால் கடுக்கும். முழுவதும் குனிந்தால் இன்னொன்று நடக்கிறது. நீண்ட தசைகள் வேலையை விட்டுவிடுகின்றன. எலும்புகளைக் கட்டியிருக்கும் நார்கள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. வெகுநேரம் ஆனால் இந்த நார்கள் மெல்ல நீண்டுவிடும். நிமிர்ந்தவுடன் அவை பழைய நிலைக்கு வராது. அந்த நேரத்தில் நாற்றுக்கட்டை வெடுக்கென்று தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் அவ்வப்போது நிமிர்ந்து, கையை இடுப்பில் வைத்துப் பின்னால் சாயுங்கள். சில நிமிடங்கள் நின்றோ நடந்தோ, பிறகு கட்டைத் தூக்குங்கள். இது சோம்பல் அல்ல.

இடுப்பு பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்று முன்பு மருத்துவர்களே சொன்னார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. படுத்தே கிடந்தால் தசை மெலிந்து பலம் குறையும். ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு மெல்ல நடமாட வேண்டும். சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். பிறக்கும்போது கால் முதலில் வந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று சில ஊர்களில் நம்புகிறார்கள். தானாகப் போகும் வலிக்கு மிதித்தவர் பெயர் வாங்குகிறார், அவ்வளவுதான். பலமாக மிதித்தால் எலும்புக்கு ஆபத்து. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி தினமும் விழுங்குவதும் நல்லதல்ல. வயிறும் சிறுநீரகமும் கெடும்.

சில வலிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. கீழே விழுந்த பிறகு வந்த கடும் வலி, கால் பலமிழப்பது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. முதுகெலும்பையும் அரிக்கும். வாரக்கணக்கில் முதுகுவலியும், மாலைக் காய்ச்சலும், உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் இடுப்புவலி என்று மட்டும் சொன்னால் அவர் தைலம் கொடுத்து அனுப்பிவிடக்கூடும். காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.