சாவி யார் கையில்? சிங்காநல்லூர் டீக்கடை பெஞ்சில் பாராளுமன்ற தேர்தல் காரசாரம்!

கோவை சிங்காநல்லூரில் பாராளுமன்ற தேர்தல் வந்துவிட்டால் டீக்கடை பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டம். ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுவார்கள். கடைக்காரருக்கு நஷ்டம்தான். ஆனாலும் கல்லாவில் இருந்தபடியே அவரும் ஒரு கை பார்ப்பார்.

2024 ஏப்ரல் 19-ந்தேதி ஓட்டுப்பதிவுக்கு முந்தைய வாரங்களில் இந்த வாதத்தில் அனல் பறந்தது. நாடே திரும்பிப் பார்த்த தொகுதி அல்லவா கோவை! தி.மு.க. நிறுத்தியது முன்னாள் மேயர் கணபதி ராஜ்குமாரை. பா.ஜனதா நிறுத்தியது அப்போதைய மாநில தலைவர் அண்ணாமலையை. அ.தி.மு.க. நிறுத்தியது பெயரிலேயே ஊரைச் சுமக்கும் சிங்கை ராமச்சந்திரனை. மும்முனைப் போட்டி!

மார்ச் 18-ந்தேதி பிரதமர் மோடி கோவையில் "ரோடு ஷோ" நடத்தினார். ஏப்ரல் 12-ந்தேதி ராகுல் காந்தி சிங்காநல்லூரிலேயே காரை நிறுத்தினார். ரோட்டு நடுவில் இருந்த தடுப்பைத் தாண்டிக் குதித்தார். நேராக இனிப்புக் கடைக்குள் போய், முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினுக்கு என்று மைசூர்பாக் வாங்கினார். ஊரெல்லாம் அதே பேச்சு.

ஆனால் மைசூர்பாக் பேச்சு இரண்டு நாள் தாங்கும். அப்புறம் வாதம் வயிற்றுப்பாட்டுக்கு வந்துவிடும்.

ஆளுக்கு ஒரு பில்!

லேத் பட்டறைக்காரர் முதலில் எடுப்பது ஜி.எஸ்.டி.யை. "ஏனுங்கண்ணா, ரெண்டு லேத்து வெச்சுப் பொழைக்கறவன் நானு. கம்பெனிக்காரரு இரும்பைக் குடுக்கறாரு, நான் கடைஞ்சு குடுக்கறேன். கூலி வேலைக்கு எதுக்குங்க இத்தனை வரி?" என்பார்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2017 ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது என்ஜினீயரிங் "ஜாப் ஒர்க்"குக்கு 18 சதவீத வரி. கோவை தொழில் அமைப்புகள் கத்திக் கதறிய பிறகு 2019 அக்டோபரில் 12 ஆனது. "5 ஆக்குங்கள்" என்பதே 2024 தேர்தலில் அவர்கள் வைத்த கோரிக்கை. பில் போட்டால் அடுத்த மாதம் வரி கட்டியாக வேண்டும். கம்பெனியில் இருந்து பணம் வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும். கடன் வாங்கி வரி கட்டுகிறவனின் வெசனம் அவனுக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் இருப்பவர் விடமாட்டார். "சித்த பொறுங்க. ஜி.எஸ்.டி.யை மட்டும் சொல்றீங்களே, கரண்டு பில்லு என்னாச்சுங்க?"

அதுவும் பொய் இல்லை. 2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்தது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணமும் எகிறியது. பொறுக்க முடியாமல் 2023 செப்டம்பரில் சிறுதொழில்காரர்கள் ஒருநாள் உற்பத்தியை நிறுத்திப் போராடினார்கள்.

பார்சல் வாங்க வந்த அம்மா சும்மா போவாரா? "உங்க லேத்தும் கரண்டும் கெடக்கட்டும். கேஸ் என்ன விலைன்னு வூட்ல கேட்டீங்களா?" என்று ஒரு போடு போடுவார். தேர்தல் நெருங்கிய நேரத்தில், 2024 மார்ச் 8-ந்தேதி, சிலிண்டருக்கு 100 ரூபாய் குறைத்தது மத்திய அரசு. கேஸ் 500 ரூபாய், பெட்ரோல் 75, டீசல் 65 என்று வாக்குறுதி கொடுத்தது தி.மு.க. ஏழைக் குடும்பப் பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் என்றது காங்கிரஸ். முத்ரா கடன் 20 லட்சம் வரை என்றது பா.ஜனதா. கோவைக்கு மட்டும் 500 நாளில் 100 வாக்குறுதிகள் என்று தனியாக ஒரு பட்டியல் போட்டார் அண்ணாமலை. பிரதமர் வேட்பாளர் என்று யாரையும் சொல்லாத அ.தி.மு.க., "தமிழ்நாட்டுக்காகக் குரல் கொடுப்போம்" என்று ஓட்டு கேட்டது. "அப்ப யாரைத்தானுங்க பிரதமர் ஆக்குவீங்க?" என்று பெஞ்சில் அதற்கும் ஒரு கேள்வி!

பூட்டு ஒன்று, சாவி வேறு!

இத்தனை வாதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டெல்லியிடம் கேட்க வேண்டியதைச் சென்னையிடமும், சென்னையிடம் கேட்க வேண்டியதை டெல்லியிடமும், கார்ப்பரேஷனிடம் கேட்க வேண்டியதை இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வேட்பாளர்களுக்கு இது ரொம்பவும் வசதி. "அது எங்க கையில இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம்!

எந்தப் பூட்டுக்குச் சாவி யாரிடம்? இதோ விவரம்:

மின் கட்டணம் மாநில விவகாரம். எம்.பி. வேட்பாளரிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. மகளிருக்கு 2023 செப்டம்பர் 15-ந்தேதி தொடங்கிய மாதம் 1,000 ரூபாயும் மாநில அரசு கொடுத்ததுதான். ஏப்ரல் பிரசாரத்தில் ஸ்டாலின் அறிவித்து, பிறகு ஒண்டிப்புதூரில் இடம் பார்த்த கிரிக்கெட் மைதானமும் அப்படியே.

பஞ்சு இறக்குமதி வரி முழுக்க டெல்லி. 2021 பட்ஜெட்டில் 11 சதவீத வரி போட்டதும் டெல்லிதான், வேண்டும்போது விலக்கு தருவதும் டெல்லிதான். 2022 மே மாதம் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது நூல் மில் முதல் விசைத்தறி வரை ஆட்டம் கண்டதை கோவைக்காரர் மறக்க மாட்டார்.

ஜி.எஸ்.டி.க்கு மட்டும் இரண்டு சாவி. அந்த கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு பலம். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆக, இரண்டு தரப்பில் யாரும் "எனக்குச் சம்பந்தம் இல்லை" என்று நழுவ முடியாது.

விமான நிலைய விரிவாக்கமும் அந்த வகைதான். நிலம் எடுத்துத் தர வேண்டியது மாநிலம், கட்ட வேண்டியது மத்திய அரசின் விமான நிலைய ஆணையம்.

நின்றுபோன மில்

இந்தச் சாவி விஷயம் வெறும் சட்டப் பேச்சு அல்ல. ஒண்டிப்புதூர் கம்போடியா மில்லில் வேலை பார்த்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

நலிந்த மில்களை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் 1974-ல் வந்தது. கோவையில் கம்போடியா, பங்கஜா, முருகன், ரங்கவிலாஸ் என்று பல மில்கள் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போயின. சர்க்கார் மில், சர்க்கார் சம்பளம் என்று அதை நம்பிப் பெண் கொடுத்த காலம் உண்டு.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. மில்கள் நின்றன. ஊரடங்கு போனது, ஊர் முழுக்க மற்ற மில்கள் ஓடின. இந்த மில்கள் மட்டும் ஓடவில்லை. மில்லைத் திறக்க வேண்டும், முழுச் சம்பளம் தர வேண்டும் என்று தொழிலாளர்கள் போராடினார்கள். 2024 ஓட்டுப்பதிவு நாளிலும் மெஷின் சத்தம் கேட்கவில்லை.

இந்தப் பூட்டுக்குச் சாவி டெல்லியில், ஜவுளி அமைச்சகத்தில். பாராளுமன்ற தேர்தலில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இதுதான். கேஸ் விலை பேச்சில் மற்றவர்கள் இதை மறந்தாலும், வீட்டில் ஒரு மில் தொழிலாளி இருப்பவர் மறக்க மாட்டார்.

யாருக்கும் பட்டா இல்லை!

கோவை தொகுதி எந்தக் கட்சிக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது இல்லை. 1957-ல் கம்யூனிஸ்டு பார்வதி கிருஷ்ணன். 1962-ல் காங்கிரசின் பி.ஆர்.ராமகிருஷ்ணன். 1967-ல் மார்க்சிஸ்டு கே.ரமணி. 1971-ல் இந்திய கம்யூனிஸ்டு பாலதண்டாயுதம்.

1973 மே 31-ந்தேதி டெல்லி விமான விபத்தில் பாலதண்டாயுதம் பலியானார். அதே விமானத்தில் பலியானவர் மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலம். அவர் பார்வதி கிருஷ்ணனின் உடன்பிறந்த அண்ணன். அண்ணன் காங்கிரஸ் மந்திரி, தங்கை கம்யூனிஸ்டு! அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் அந்தத் தங்கையையே கோவை மறுபடி டெல்லிக்கு அனுப்பியது. ஒரே வீட்டில் இரண்டு கொள்கை இருக்கலாம் என்றால், ஒரே பெஞ்சில் இருந்தால் என்ன?

பிறகு 1980-ல் தி.மு.க. அடுத்த மூன்று தேர்தல் காங்கிரஸ். 1996-ல் மறுபடி தி.மு.க. 1998 பிப்ரவரி 14-ந்தேதி குண்டு வெடிப்புகளில் 58 பேர் பலியான சோகத்துக்கு இடையே நடந்த தேர்தலில் பா.ஜனதாவின் சி.பி.ராதாகிருஷ்ணன். 2025 செப்டம்பரில் துணை ஜனாதிபதி ஆனவர் இவர்தான். அப்புறம் மறுபடி கம்யூனிஸ்டுகள், நடுவில் 2014-ல் அ.தி.மு.க.

2024-ல் கணபதி ராஜ்குமார் 1,18,068 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அண்ணாமலை இரண்டாம் இடம், சிங்கை ராமச்சந்திரன் மூன்றாம் இடம்.

வாக்குறுதிகள் என்ன ஆயின? மத்தியில் "இந்தியா" கூட்டணி ஆட்சி அமையவில்லை. 500 ரூபாய் கேசும், ஆண்டுக்கு ஒரு லட்சமும் பேச்சோடு போயின. மூன்றாம் முறை மோடி பிரதமர். 2024 ஜூலை பட்ஜெட்டில் முத்ரா கடன் 20 லட்சம் ஆனது. ஆனால், முந்தைய பெரிய கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு மட்டுமே!

அடுத்த பாராளுமன்ற தேர்தல் 2029-ல் வர வேண்டும். கை கூப்பிக்கொண்டு வேட்பாளர் தெருவுக்கு வரும்போது இரண்டே கேள்வி போதும். "இதுக்குச் சாவி உங்க கையில இருக்குதுங்களா? இல்லேன்னா யாருகிட்ட இருந்து எப்படி வாங்கிட்டு வருவீங்க?"

ஒற்றை ஆள் கேட்டு என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். 2006 சட்டசபை தேர்தலில் இதே சிங்காநல்லூரில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இருந்த வித்தியாசம் 14 ஓட்டு. ஒரு டீக்கடை பெஞ்சும் அதன் எதிர் பெஞ்சும் சேர்ந்தால் அவ்வளவு பேர்தான்!