தேக்கடியில் புலி ஏன் கண்ணில் படுவதில்லை?

  

நம்ம கம்பத்தில் பஸ் ஏறினால் கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறியதும் குமுளி. அங்கிருந்து நாலு கிலோமீட்டரில் தேக்கடி படகுத்துறை. ஆனால் போய் வந்தவங்க கிட்ட கேட்டுப் பாருங்க. "காசு குடுத்து படகுல போனோம். நாலு மானும் காட்டுப்பன்னியும்தான் பார்த்தோம். புலிய காணோம்" என்பார்கள். டி.வி.யில் ஆப்பிரிக்காவைக் காட்டினால் மட்டும் சிங்கம், யானை, வரிக்குதிரை எல்லாம் கூட்டம் கூட்டமா தெரியுதே, அது எப்படி?

ஆப்பிரிக்கா வேற, நம்ம காடு வேற

தான்சானியா நாட்டில் உள்ள செரெங்கெட்டி தேசியப் பூங்கா ஒரு புல்வெளிக் காடு. இதை 'சவானா' என்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். அதனால் ஒரு மைல் தூரத்தில் நிற்கிற மிருகமும் தெரியும்.

நம்ம பெரியாறு புலிகள் காப்பகம் சுமார் 925 சதுர கிலோமீட்டர். 1934இல் சரணாலயமாக இருந்தது, 1978இல் புலிகள் காப்பகம் ஆனது. இங்கே பெரும்பகுதி அடர்ந்த காடு. புல்வெளி என்பது மலை உச்சிகளிலும் ஏரிக்கரையிலும்தான். பத்தடி தள்ளி மரத்துக்குப் பின்னால் யானை நின்றால்கூட நமக்குத் தெரியாது. புலியோ தனியாகத் திரியும் மிருகம். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் நடமாடும். அதன் வரிகள் புல்லோடும் நிழலோடும் கலந்துவிடும். அது நம்மைப் பார்த்திருக்கும், நாமதான் அதைப் பார்த்திருக்க மாட்டோம்!

அப்படின்னா புலியை எப்படி எண்ணுகிறார்கள்? காட்டுப் பாதையில் தானியங்கி கேமரா கட்டி வைப்பார்கள். நம்ம கைரேகை மாதிரி ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு வேறு. படத்தை ஒப்பிட்டுக் கணக்கு எடுப்பார்கள். 2022 கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கச் சுமார் 3,682 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இதுதான் எண்ணிக்கை என்றால், ஒரு படகுச் சவாரியில் ஒன்றைப் பார்ப்பது எவ்வளவு அபூர்வம் என்று நீங்களே யோசியுங்கள்.

எப்போது போக வேண்டும்?

தேக்கடி ஏரி இயற்கையாக உண்டானது அல்ல. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கிய தண்ணீர்தான் அது. அப்போது மூழ்கிய மரங்களின் பட்ட மரக்கட்டைகள் இன்றும் ஏரி நடுவில் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அதில் உட்கார்ந்து சிறகு காய வைக்கும். அதே தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்கு வந்து மின்சாரம் தந்து, நம்ம வயலுக்கும் பாய்கிறது.

மழைக்காலத்தில் காட்டுக்குள் எல்லா ஓடையிலும் தண்ணீர் இருக்கும். மிருகங்களுக்கு ஏரிக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஓடை வற்றும். ஏரியும் இறங்கும். இறங்கின கரையில் பச்சைப் புல் முளைக்கும். அப்போது யானை, காட்டுமாடு, மிளா எல்லாம் புல்லுக்கும் தண்ணிக்கும் இறங்கி வரும். காலையில் முதல் படகு நல்லது.

எப்படிப் பார்க்க வேண்டும்?

1. சத்தம் போடக் கூடாது. நம்ம கூச்சல் அதுக்கு ஆபத்து மணி.
2. பளிச்சென்ற சட்டையும் சென்ட்டும் வேண்டாம். யானைக்கு மோப்பம் ரொம்ப அதிகம்.
3. படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. மிருகம் தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடக் கூடாது. 2009 செப்டம்பர் 30இல் இதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.
4. தின்பண்டம் போடக் கூடாது. பழகிய குரங்கு பிறகு பறிக்க ஆரம்பிக்கும்.
5. நடந்து போவதானால் வனத்துறை வழிகாட்டியோடுதான் போக வேண்டும். முன்பு காட்டில் மரப்பட்டை உரித்துக் கடத்தியவர்களில் சிலர் திருந்தி, இப்போது வழிகாட்டியாகவும் காவலாகவும் இருக்கிறார்கள். காட்டை அவர்களைவிட யாருக்குத் தெரியும்!
6. புலியை மட்டும் தேடாதீர்கள். காலடித் தடம், மரத்தில் நகக் கீறல், யானை லத்தி, மலை அணில், கருமந்தி, இருவாச்சி எல்லாமே பார்க்க வேண்டியவைதான்.

காடு நம்மைத் தேடி வந்தபோது

2023 ஏப்ரல் கடைசியில் இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் இருந்து ஒரு ஆண் யானையைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்னும். மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. அதனால் அதற்கு அரிக்கொம்பன் என்று பெயர். பழகிய இடத்தை விட்டுப் பிரிந்த யானை ஓரிடத்தில் நிற்கவில்லை. மேகமலைப் பக்கம் வந்தது. மே 27இல் கம்பம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. 144 தடை உத்தரவு போட்டார்கள். டூவீலரில் வந்த ஒருவர் யானை தாக்கி, பிறகு இறந்துபோனார். ஜூன் 5இல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

போன உயிர் திரும்பி வராது. தோட்டத்தில் வாழையும் தென்னையும் இழக்கிற விவசாயியின் கஷ்டமும் உண்மை. அதே நேரம், பெரிய யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி தின்னும். அதற்குப் பரந்த காடும், தடையில்லாத வழியும் வேண்டும். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்தார்கள். இது பெரியாறு காட்டோடு ஒட்டியே கிடக்கிறது. கேரளா, தமிழ்நாடு என்ற எல்லைக்கோடு மேப்பில்தான் இருக்கு. யானைக்கு அது ஒரே காடு.

ஊருக்குள் யானை வந்தால் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வீட்டுக்குள் இருந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதுக்கு வழி விட்டாலே பாதி ஆபத்து குறையும்.

மழையைப் பிடித்து வைத்து ஓடைக்கும் ஏரிக்கும் விடுவது அந்தக் காடு. காட்டை வைத்திருப்பது அந்த மிருகங்கள். தேக்கடியில் புலியைப் பார்க்காமல் வந்தாலும், அது அங்கே இருக்கிறது என்பதே நமக்கு நல்ல செய்தி!

காடு இருந்தால் ஆறு! ஆறு இருந்தால் சோறு!

ஒன்பதாம் வகுப்பு மாணவி