நால்வகைத் தானமும் நம்ம கட்டடமும்

தானம் நான்கு வகை என்பது சமண மரபு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். அதாவது உணவு, மருந்து, அறிவு, அடைக்கலம். பாத்திர வியாபாரியான நான் கடை மூடியபின் படித்துத் தெரிந்துகொண்ட வரையில், அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடி ஆபத்துக்குத் தயாராக இதுவே நல்ல பட்டியல்.

2005 ஜூலை 26-ஐ மும்பைத் தமிழர் மறக்க முடியாது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. கொலாபாவில் சுமார் 74 மட்டுமே. ரயில் நின்றது. பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் போயின. நமக்கோ உறவினர் ஊரில். சங்கத்து அன்பர்கள் தாராவி முதல் டோம்பிவிலி வரை சிதறி இருக்கிறோம். அப்படிப்பட்ட நாளில் கைக்கு எட்டுபவர் எதிர்வீட்டு மராத்தியரும் மாடிவீட்டு குஜராத்தியரும்தான். அவர்களோடு நமக்குப் பேச்சு உண்டா?

ஆகாரம்: ஜூன் மழைக்கு முன்பே வீட்டுக்கு வீடு மூடிய பாத்திரத்தில் குடிநீர், அடுப்பு இல்லாமல் சாப்பிட அவல், பொரி, பொட்டுக்கடலை. ஒரு வீட்டில் தீர்ந்தால் அடுத்த வீடு.

ஔடதம்: இன்சுலின் போடுபவர், படுக்கையில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி எந்த வீட்டில் என்று மாடிவாரியாகக் குறித்து வையுங்கள். அந்த வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவியது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலிலுள்ள புண் வழியே நோயைத் தரும். வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சாத்திரம்: மீட்டர் அறைச் சாவி யாரிடம்? தண்ணீர் ஏறுமுன் மெயின் சுவிட்சை அணைப்பது யார்? அவசர எண் 112. மும்பை மாநகராட்சிக்கு 1916. தமிழ் மட்டுமே தெரிந்த நம்ம அம்மாக்கள் போனில் விலாசம் சொல்ல வேண்டுமே! பக்கத்து வீட்டாரைக் கேட்டு, மராத்தியில் சொல்ல வேண்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

அபயம்: தரைத்தளத்தார் எந்த மாடிவீட்டுக்குப் போவது, நடக்க முடியாத பெரியவரை யார் தூக்குவது என்பதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். பூண்டு வாடை, மீன் வாடை என்று கதவைச் சாத்தியவர்கள் நம்மில் உண்டு. அவர்களும் சமணனான நான் சொல்வதைக் கேட்கட்டும்: அபயத்துக்குச் சைவம், அசைவம் கிடையாது.

வருஷக் கணக்கு முடிக்கையில் வியாபாரி சரக்கு இருப்பு எடுப்பார். அடுத்த சொசைட்டி மீட்டிங்கில் இந்த நான்குக்கும் இருப்பு எடுங்கள். ஒரு நோட்டும் ஒரு மணி நேரமும் போதும்.