வாழைப்பழமும் வயிற்று உப்புசமும்

வாழைப்பழம் தின்றால் வயிறு உப்புகிறதென்று சிலர் முறையிடுவதுண்டு. பழம் உள்ளே சரிவரக் கனியாமலிருத்தல் இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

வாழைக்காயில் நூற்றுக்குச் சுமார் 20 பங்கு மாவுச்சத்து உண்டு. நன்கு கனிந்த பழத்தில் அது 1 அல்லது 2 பங்காகக் குறைந்து, பெரும்பாலும் சர்க்கரையாக மாறிவிடும். அரைக்கனியிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் ஜீரணமாவதில்லை. அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவை உண்டாக்குகிறது.

வானகரத்தைக் கடந்து கோயம்பேடு சந்தைக்குச் செல்லும் தார்களுக்கு விலை நல்ல சமயத்தில், முற்றாத காயை வெட்டிக் கார்பைடு கல்லால் பழுக்கவைக்கச் சிலர் துணியலாம். அவ்வாறு செய்தால் தோல் மஞ்சளாகும். உள்ளே மாவுச்சத்து தங்கிவிடும். அக்கல்லில் ஆர்செனிக் முதலிய நஞ்சுகள் கலந்திருக்கக்கூடும். ஆதலால் 2011-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனைத் தடுத்துள்ளன. எத்திலீன் வாயுவை மட்டும், காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்குக்கு மேற்படாமல் உபயோகிக்க 2016-இல் அனுமதி ஏற்பட்டது.

ஆகவே, காயின் விளிம்புகள் மழுங்கித் திரண்ட பின்னரே குடியானவர்கள் தாரை வெட்டுதல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதனை ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக. உண்போர் நன்கு கனிந்த பழத்தையே உண்க. அதுவும் ஒவ்வாதவர்கள் வைத்தியரை அணுகுதல் நலம்.