மயங்கி விழுந்தவர் 86 வயது வரை வாழ்ந்தார்!
மாத்திரையும் மின்சாரமும் சேர்ந்து செய்யும் அதிசயம்

1958-ம் ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி. சுவீடன் நாட்டில் லார்சன் என்பவர் சாகும் நிலையில் கிடந்தார். வயது 43. அவர் இதயம் அடிக்கடி நின்றது. ஒரே நாளில் 20, 30 தடவை மயங்கினார்!

என்ஜினீயர் எல்ம்குவிஸ்ட் செய்த சிறு மின்கருவியை, டாக்டர் சென்னிங் அவர் உடலுக்குள் வைத்துத் தைத்தார். சில மணி நேரத்தில் அது கெட்டது. வேறு கருவி வைத்தார்கள். இப்படி 20-க்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டன. லார்சன் 2001-ல்தான் இறந்தார்!

அந்தக் கருவிதான் "பேஸ்மேக்கர்". இதயம் துடிக்க மறந்தால், மின்சாரத்தால் தட்டி எழுப்பும்.

மாத்திரை எதற்கு?

சிலருக்கு இதயம் ஒரு நேரம் குதிரைபோல் ஓடும். மறு நேரம் ஆமைபோல் ஊரும். ஓட்டத்தை அடக்க மாத்திரை கொடுத்தால், ஊர்வதும் நின்றுவிடலாம். அந்த ஆபத்தைக் கருவி தடுக்கிறது. ஆனால், ஓட்டத்தை அடக்க மாத்திரை வேண்டும். "கருவி வைத்தாயிற்றே" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

பெரம்பலூரில் பருத்திக் காட்டிலும், அரியலூரில் சிமெண்டு ஆலையிலும் உழைப்பவர்களே! மயக்கம் வந்தால், "பித்தம்" என்று இருந்துவிடாதீர்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. "இ.சி.ஜி." எடுத்துப் பாருங்கள். ஆகும் நேரம் சில நிமிடம், காப்பது உயிர்!