உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கு ஒரு கேலி

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்!" அரசு ஊழியரை மிரட்டும் இந்த வசனத்தில் வரும் காடு எது தெரியுமா? பழைய ராமநாதபுரம் மாவட்டம். 1985 மார்ச் 15 வரை சிவகாசியும் விருதுநகரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன.

●

அந்தக் காய்ந்த காடுதான் சிவகாசிக்குச் சோறு போட்டது. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். ஈரமில்லாத காற்றில் குச்சி சீக்கிரம் காயும். பட்டாசு மருந்து நமத்துப் போகாது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, அச்சகமும் வந்தது. வெளியூர்க்காரர் எதைச் சொல்லிக் கேலி செய்தார்களோ, அந்த வெயிலே முதலாக நின்றது. பிறகு 'குட்டி ஜப்பான்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. நேரு வைத்த பெயர் என்பார்கள் ஊர்க்காரர்கள்.

●

ஆடிப்பெருக்கு அன்று மற்ற ஊர்களில் ஆற்றங்கரைக்குப் போவார்கள். சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஆகஸ்டிலேயே புத்தாண்டைப் பார்த்துவிடும் ஊர் இது!

●

"விருதுநகர்ல ஒண்ணும் விளையாது, ஆனா எல்லாத்துக்கும் அதுதான் விலை வைக்கும்." இதில் பாதி கேலி, பாதி மரியாதை. மிளகாய் வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று எங்கெங்கோ விளைந்தது இந்தச் சந்தைக்கு வந்து விலையாகிப் போனது. மழையை நம்ப முடியாதவர்கள் கணக்கை நம்பினார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று சொல்வது நியாயமில்லை என்பது என் கட்சி.

●

கஞ்சத்தனக் கேலிக்குப் பேர்போன ஊர் பல்கேரியாவிலும் ஒன்று உண்டு, கப்ரோவோ. குளிர்காலத்தில் பூனை வெளியே போகும்போது கதவைச் சட்டென்று சாத்திச் சூட்டை மிச்சப்படுத்தப் பூனையின் வாலையே நறுக்கிவிடுவார்களாம்! இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களேதான். வாலறுந்த பூனையை ஊரின் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். 1972 ஏப்ரல் 1-ல் நகைச்சுவைக்கென்றே ஒரு மாளிகையும் திறந்தார்கள்.

●

லிதுவேனியாவிலும் இதே கதைதான். சுவால்கியா பகுதியினர் கஞ்சர்கள், ஜெமைதியாக்காரர்கள் பிடிவாதக்காரர்கள் என்று நாடே சொல்லும். மணற்பாங்கான ஜூக்கியா பகுதியைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: காளானும் காட்டுப் பழமும் இல்லையென்றால் அந்தப் பகுதிப் பெண்களுக்கு உடுத்தத் துணியே இருந்திருக்காது. மண் ஏழையானால் கேலி அங்கும் முளைத்துவிடுகிறது.

●

நம் பக்கம் கோயம்புத்தூர் என்றால் குசும்பு, மதுரை என்றால் வீறாப்பு. திருநெல்வேலிதான் பாவம். நாக்கில் கரையும் அல்வாவைக் கிண்டித் தந்த ஊர். 'அல்வா கொடுத்துட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தமாகிவிட்டது.

●

சிவகாசிக்காரர் என்றதும் "சரவெடி மாதிரி பேசுவீங்களோ?" என்று கேட்காதவர் குறைவு. சாதாரண நாளில் அவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். ஆனால் 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ விபத்துகள். அப்படி ஒரு செய்தி வரும் நாளில், உங்களுக்குத் தெரிந்த சிவகாசிக்காரரிடம் "என்ன, வெடிச்சிருச்சா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேளுங்கள்.